மோசமான படம் என்று முத்திரை குத்துவது யார்?

"இதுவரை பார்த்த படங்களிலேயே படுமோசமான படம் எது?" தொலைக்காட்சி விவாத மேடையில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் போதும், அரங்கம் களைகட்டிவிடும். நல்ல படத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கூட மோசமான படத்தைப் பற்றிப் பேச ஒலிவாங்கியைக் கேட்டு வாங்குவார். டிக்கெட் காசு வீணான கதை, இடைவேளையிலேயே எழுந்து வந்த கதை, அழவேண்டிய காட்சியில் அரங்கமே சிரித்த கதை என்று வரிசையாக வரும். அதன் பின்னால் இன்னொரு கேள்வியும் தவறாமல் வந்து சேரும். "அவ்வளவு பெரிய நடிகர், போயும் போயும் இந்தப் படத்தில் ஏன் நடித்தார்?"

முதல் கேள்வி பொழுதுபோக்குக்கு உரியது. இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால் வரலாற்றுக்குள் போகவேண்டியிருக்கும். ஒரு நடிகரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அவருடைய திறமை மட்டும் காரணமாக இருப்பதில்லை. படப்பிடிப்புக்கூடம், முதலாளி, சந்தை, அரசியல், உடல்நிலை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ரசிகர்கள் கைதட்டிச் சொல்லும் தீர்ப்பு இருபது, முப்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறியதும் உண்டு. ஹாலிவுட்டில் தொடங்கி, மலேசிய, சிங்கப்பூர் மண்ணுக்கே உரிய ஒரு பெருங்கலைஞர் வரை இதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

செத்த பிறகு கிடைத்த ‘புகழ்’

உலகின் மிக மோசமான படம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது ‘பிளான் நைன் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற அமெரிக்கப் படம். எட் வுட் என்பவர் இயக்கிய அந்தப் படம் 1957ஆம் ஆண்டு முன்னோட்டமாகக் காட்டப்பட்டு, 1959ஆம் ஆண்டு வெளியானது. வெளிவந்தபோது அதைக் கவனித்தவர்கள் குறைவு. 1980ஆம் ஆண்டு ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் என்ற சகோதரர்கள், மோசமான படங்களைக் கேலி செய்து ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில்தான் இந்தப் படம் ‘எக்காலத்திலும் மிக மோசமான படம்’ என்றும், எட் வுட் ‘எக்காலத்திலும் மிக மோசமான இயக்குநர்’ என்றும் பட்டம் பெற்றனர். அதைக் கேட்க எட் வுட் உயிரோடு இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1978 டிசம்பரில், தமது 54ஆம் வயதில் வறுமையில் இறந்துபோயிருந்தார்.

அந்தப் படத்தில் தோன்றும் பேலா லுகோசியின் கதை இன்னும் உருக்கமானது. அப்போதைய ஹங்கேரியில் 1882ஆம் ஆண்டு பிறந்த லுகோசி, 1931ஆம் ஆண்டு வந்த ‘டிராகுலா’ படத்தால் உலகப் புகழ் பெற்றவர். இன்றும் டிராகுலா என்றதும் மனக்கண்ணில் வரும் கறுப்புப் போர்வையும் கூர்ந்த பார்வையும் அவர் தந்தவைதாம். ஆனால், அதே வேடம் அவரைச் சிறையிட்டது. அவருடைய ஹங்கேரிய உச்சரிப்பைக் காரணம் காட்டி, பேய்ப்படங்களைத் தவிர வேறு படங்களுக்கு அவரை அழைக்க ஹாலிவுட் தயங்கியது. நாளடைவில் பெரிய நிறுவனங்கள் கைவிட, சிறிய நிறுவனங்களின் மலிவுப் படங்கள் அவருடைய பிழைப்பாயின. நரம்பு வலிக்காக எடுத்துக்கொண்ட மருந்து போதைப் பழக்கமாக மாறியது. 1955ஆம் ஆண்டு தாமாகவே மருத்துவமனைக்குச் சென்று சிகிச்சைக்குச் சேர்ந்தார். 1956 ஆகஸ்டில் காலமானார்.

அவர் இறப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்த சில நிமிடக் காட்சிகளைத்தான் எட் வுட் ‘பிளான் நைன்’ படத்தில் சேர்த்தார். மீதிக் காட்சிகளில் வேறொருவர் போர்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடினார். அதைப் பார்த்து உலகம் வயிறு குலுங்கச் சிரித்தது. ஆனால், 1994ஆம் ஆண்டு டிம் பர்ட்டன் ‘எட் வுட்’ என்ற பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். அதில் முதுமையிலும் நோயிலும் தளர்ந்த லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் கிடைத்தது. கேலிக்குரிய முடிவாகக் கருதப்பட்ட அந்த வாழ்க்கை இன்னொரு நடிகருக்கு வாழ்நாள் பரிசைத் தேடித் தந்தது.

கேலி விருதும் அதன் பிழைகளும்

மோசமான படங்களுக்கென்றே ஹாலிவுட்டில் ‘கோல்டன் ராஸ்பெரி’ என்ற விருது 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆஸ்காருக்கு நேர் எதிரான கேலி விருது இது. அதன் முதல் ஆண்டுப் பட்டியலிலேயே ‘தி ஷைனிங்’ படத்துக்காக ஸ்டான்லி கூப்ரிக் மோசமான இயக்குநராகவும், ஷெல்லி டுவால் மோசமான நடிகையாகவும் முன்மொழியப்பட்டனர். அதே படம் 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத்தக்க படைப்பாகச் சேர்க்கப்பட்டது. படப்பிடிப்பில் டுவால் பட்ட துன்பங்கள் பின்னர் பரவலாகப் பேசப்பட்டன. 2022ஆம் ஆண்டு விருதுக் குழுவே அவருக்கான முன்மொழிவைத் திரும்பப் பெற்றது. இடையில் கடந்தவை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல்.

அதே ஆண்டில் இன்னொரு சம்பவமும் நடந்தது. புரூஸ் வில்லிஸ் 2021இல் நடித்த எட்டுப் படங்களைக் கேலி செய்வதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி விருதும் அறிவித்தார்கள். சில நாள்களிலேயே அவருடைய குடும்பத்தார் அவருக்குப் பேச்சிழப்பு நோய் இருப்பதை வெளியிட்டனர். விருது திரும்பப் பெறப்பட்டது. 2023இல் 12 வயதுச் சிறுமி ஒருவரை மோசமான நடிகையர் பட்டியலில் சேர்த்ததற்குக் கடுங்கண்டனம் எழுந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை இனிப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று விதி கொண்டுவந்தார்கள்.

கேலியைச் சிரித்துக்கொண்டே ஏற்றவர்களும் உண்டு. 2002இல் ஆஸ்கார் வென்ற ஹாலி பெர்ரி, ‘கேட்வுமன்’ படத்துக்காக 2005இல் இந்தக் கேலி விருதை நேரில் வந்து, ஒரு கையில் ஆஸ்கார் சிலையோடு பெற்றுக்கொண்டார். சாண்ட்ரா புல்லக் 2010 மார்ச்சில் ஒருநாள் மோசமான நடிகை விருதையும், மறுநாள் சிறந்த நடிகைக்கான ஆஸ்காரையும் வாங்கினார். இருவேறு படங்களுக்காக ஒரே நடிகைக்கு இரண்டு தீர்ப்புகள். புகழும் பணமும் கைவசம் இருந்ததால் அவர்களால் சிரிக்க முடிந்தது. அவை இரண்டும் இல்லாத நேரத்தில் கேலி வந்தால் கலைஞர் என்ன ஆவார் என்பதற்கு மலாய்த் திரையுலகம் ஒரு பாடம் வைத்திருக்கிறது.

பினாங்கிலிருந்து ஜாலான் அம்பாசுக்கு

1929 மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர் பி. ரம்லி. தந்தையார் அச்சே மாநிலத்திலிருந்து வந்தவர். பாடல் மேடைகளில் பெயர் எடுத்துக்கொண்டிருந்த இந்த இளைஞரை, இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கண்டெடுத்துச் சிங்கப்பூருக்கு அழைத்தார். 1948ஆம் ஆண்டு ‘சிந்தா’ படத்தில் சிறு வேடம் ஏற்று, பின்னணியும் பாடினார். ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்பட நிறுவனம் இயங்கிய இடம், பாலஸ்டியர் வட்டாரத்தில் உள்ள ஜாலான் அம்பாஸ். மலாய் சினிமாவின் பொற்காலம் எனப்படுவது பெரும்பாலும் அந்தச் சிறிய சாலையில்தான் உருவானது.

அந்தப் பொற்காலத்தில் இந்தியர்களின் பங்கு பெரிது. தொடக்ககால மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். 1950இல் ‘பக்தி’ படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். கல்கத்தாவில் சைகல் நடித்த ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தை 1938இல் இயக்கிய பானி மஜூம்தார், சிங்கப்பூருக்கு வந்து ‘ஹங் துவா’, ‘அனாக்கு சசாலி’ ஆகிய படங்களை 1956இல் எடுத்தார். படத்தொகுப்பில் எச். ஆர். நாராயணாவின் பெயரை அக்காலப் படங்கள் பலவற்றில் காணலாம். பாட்டு, கண்ணீர், தாய்ப்பாசம், ஏழை பணக்காரன் பேதம் என்று மலாய்ப் படங்களின் கதைப்போக்கு இந்தியப் படங்களை நினைவூட்டுவதற்கு இதுவே காரணம்.

பி. ரம்லி அவர்களிடம் தொழில் கற்று, 1955இல் ‘பெனாரேக் பேச்சா’ படத்தின் மூலம் இயக்குநரானார். ரிக்‌ஷா ஓட்டும் ஏழைக்கும் பணக்காரப் பெண்ணுக்கும் இடையிலான காதல் கதை அது. தந்தையாகவும் மகனாகவும் இரட்டை வேடமிட்ட ‘அனாக்கு சசாலி’ படத்துக்காக 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அதே 1957இல் ‘பூஜாங் லாபோக்’ நகைச்சுவைப் படம் வந்தது. கல்யாணமாகாத மூன்று நண்பர்களின் திண்டாட்டத்தைச் சொல்லும் அந்தப் படத்தில் அசிஸ் சத்தார், எஸ். சம்சுதீன் இருவரும் அவருக்கு இணையாக நின்றார்கள். 1962இல் வந்த ‘இபு மெர்துவாக்கு’ படத்துக்காக, மறு ஆண்டு தோக்கியோ விழாவில் பன்முகத் திறமையாளர் என்ற சிறப்பு விருதும் கிடைத்தது. நடிப்பு, இயக்கம், கதை, இசை, பாட்டு என்று ஐந்து துறைகளிலும் அவர் கை ஓங்கியிருந்த காலம் அது.

ஒரு மனிதரும் ஒரு கூட்டமும்

இந்த வெற்றிகளைப் பி. ரம்லி ஒருவரின் மேதைமையாக மட்டும் பார்ப்பது வழக்கம். அது பாதி உண்மைதான். ஜாலான் அம்பாசில் மாதச் சம்பளம் வாங்கும் நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், இசைக் கலைஞர்கள், தச்சர்கள், தையற்காரர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. ஒரு படம் முடிந்தால் அதே கூட்டம் மறுநாள் அடுத்த படத்துக்குப் போகும். எடுத்த படத்தைத் திரையிட ஷா நிறுவனத்துக்குச் சொந்தமாகத் திரையரங்குகள் இருந்தன. 150க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் அந்த ஒரு கூடத்திலிருந்து வெளிவந்தன.

கூடத்தில் எல்லாம் இனிமை என்று சொல்வதற்கில்லை. சம்பளமும் வேலைநேரமும் தொழிலாளர்களுக்குக் குறையாகவே இருந்தன. 1957இல் அங்கே வேலைநிறுத்தமும் நடந்தது. 1961இல் வந்த ‘செனிமான் பூஜாங் லாபோக்’ படத்தில் ஸ்டூடியோ வாழ்க்கையையே பி. ரம்லி நையாண்டி செய்தார். அப்படிப்பட்ட கூடமாக இருந்தாலும், அது அவருக்குத் தோள்கொடுக்கும் கைகளைத் தந்தது. அந்தக் கைகள் இல்லாமல் போனபோது என்ன நடந்தது என்பதே அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாகம்.

1964: மூட்டை கட்டிய ஆண்டு

1964இல் ‘மாடு தீகா’ படம் வெளிவந்தது. மூன்று மனைவியரை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துச் சமாளிக்கும் கணவனின் கூத்தை, இன்றும் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அதே ஆண்டில் பி. ரம்லி, மனைவி சலோமாவுடன் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோ அவருடைய புதிய இடமாயிற்று.

அவர் சிங்கப்பூரை விட்டபோது மலாய்த் திரையுலகைச் சுற்றிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1963இல் தொடங்கி 1966 வரை நீடித்த இந்தோனேசிய மோதல், மலாய்ப் படங்களுக்கு இருந்த பெரிய வெளிச்சந்தையை அடைத்துவிட்டது. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும், டிசம்பரில் மலேசியாவிலும் தொலைக்காட்சி வந்தது. காசு கொடுக்காமல் வீட்டிலேயே படம் பார்க்கலாம் என்றாயிற்று. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடானது. ரன் ரன் ஷா ஏற்கனவே ஹாங்காங் சென்று, அங்கே பெரிய ஸ்டூடியோவை எழுப்பியிருந்தார். நிறுவனத்தின் பணமும் கவனமும் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1967இல் ஜாலான் அம்பாஸ் கூடம் மூடப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக வண்ணம் வந்து நின்றது. 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வண்ணத்தில் எம்.ஜி.ஆரை இரட்டை வேடத்தில் காட்டியது. ‘திருவிளையாடல்’ வண்ணத்தில் சிவாஜியைச் சிவபெருமானாக நிறுத்தியது. இந்திப் படங்களும் ஹாங்காங் படங்களும் வண்ணத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. பி. ரம்லி 1956லேயே ‘ஹங் துவா’ வண்ணப்படத்தில் நடித்தவர். ஆனால், உலு கிள்ளானில் அவர் கையில் கொடுக்கப்பட்டது கறுப்பு வெள்ளைச் சுருள்தான். வண்ணத்துக்குப் பழகிய கண்களுக்கு அது பழசாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

‘பழைய ரம்லி எங்கே?’

மெர்டேக்கா ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி அப்போது எழுந்த பேச்சு இதுதான்: பழைய ரம்லி எங்கே? சிங்கப்பூர்ப் படங்களோடு ஒப்பிட்டால், அந்தக் குறை முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கருவிகள் குறைவு, பயிற்சி பெற்ற தொழில்நுட்பக் கலைஞர்கள் குறைவு, பணமும் குறைவு. அசிஸ் சத்தாரும் எஸ். சம்சுதீனும் பக்கத்தில் இல்லை. ஏ. ஆர். தொம்பேல், இப்ராஹிம் டின் இருவரையும் சேர்த்துக்கொண்டு ‘டோ ரே மி’ என்ற புதிய மூவர் கூட்டணியை 1966இல் அவர் தொடங்கவேண்டியிருந்தது. சில படங்களில் காட்சிகள் அவசரமாக ஒட்டவைத்ததுபோல் தெரியும். சில படங்களில் நகைச்சுவை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். 1972இல் வந்த ‘லக்சமானா டோ ரே மி’ படத்தில் மந்திர தந்திரக் காட்சிகள் எவ்வளவு மலிவாக எடுக்கப்பட்டவை என்பதைக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். அதுவே அவருடைய கடைசிப் படமும் ஆயிற்று.

இதே பட்டியலில்தான் வேறு படங்களும் இருக்கின்றன. 1965இல் வந்த ‘மாசாம் மாசாம் மானிஸ்’ பள்ளி ஆசிரியர் ஒருவரை வைத்துப் பின்னப்பட்ட கலகலப்பான கதை. 1968இல் வந்த ‘அகமட் அல்பாப்’, பணக்காரத் தந்தையின் கோபத்தால் ஆடு மேய்ப்பவருக்கு மனைவியாகும் மகளின் கதையை நாட்டுப்புறக் கதைபோல் சொல்கிறது. அதன் வசனங்கள் இன்றும் மலேசியர்களின் வாயில் புழங்குகின்றன.

இந்திய வாசகர்கள் தனியாகக் கவனிக்கவேண்டிய படம் 1968இல் வந்த ‘கெரிமிஸ்’. மலாய் ஓவியர் ஒருவரும் இந்திய நடனப் பெண்ணும் காதலித்து மணந்துகொள்கிறார்கள். குடும்பங்களின் எதிர்ப்பு அவர்களைத் துரத்துகிறது. ஓவியராகப் பி. ரம்லியும், லீலா என்ற நடனப் பெண்ணாகச் சந்திரா சண்முகமும் நடித்தனர். இனம் கடந்த திருமணம் என்பதை மலேசியத் திரை அவ்வளவு நேராகப் பேசியது அரிது. 1969 மே மாதக் கலவரத்துக்கு முந்திய ஆண்டில் வந்த படம் இது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தத் துணிச்சலின் அளவு புரியும். ‘இறங்குமுகம்’ என்று ஒதுக்கப்பட்ட காலத்தில்தான் இந்தப் படமும் பிறந்தது.

சிரித்தவர்கள் அழுத நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் பி. ரம்லிக்கு வாய்ப்புகள் சுருங்கின. இளைஞர்களின் காது மேற்கத்திய இசைக்குத் திரும்பியிருந்தது. மலாய்ப் பாரம்பரிய இசையின் தரத்தை எப்படி உயர்த்துவது என்று 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாட்டில் அவர் கட்டுரை படித்தார். வண்ணப்படம் எடுக்கவேண்டும், மலாய்த் திரைப்படத் துறையை மலேசியர் கையாலேயே மீண்டும் நிமிர்த்தவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கையில் பணம்தான் இல்லை. ஒருகாலத்தில் தென்கிழக்காசியா முழுதும் கொண்டாடிய கலைஞர், பணமுடையோடு தமது கடைசி ஆண்டுகளைக் கழித்தார் என்பது வருந்தத்தக்க வரலாறு.

1973 மே 29ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது 44. அவர் கடைசியாக இசையமைத்த பாடலின் பெயர் ‘ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்’. கோலாலம்பூரில் கண்ணீர் என்பது அதன் பொருள்.

அதன் பிறகு வந்தவை எல்லாம் மரியாதைகள். கோலாலம்பூரின் ஜாலான் பாரி, 1982இல் ஜாலான் பி. ரம்லி ஆனது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990இல் டான்ஸ்ரீ பட்டம், இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, அவருக்கு வழங்கப்பட்டது. மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த இடம் பின்னர் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் இருப்பிடமாக மாறியது.

பட்டங்களைவிடப் பெரிய மரியாதையைச் செய்தது தொலைக்காட்சி. எந்தத் தொலைக்காட்சி திரையரங்குகளின் கூட்டத்தைக் குறைத்ததோ, அதே தொலைக்காட்சி அவருடைய படங்களை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. பெருநாள் விடுமுறை என்றால் பி. ரம்லி படம் என்பது வழக்கமாயிற்று. அவர் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர்ப் படம், உலு கிள்ளான் படம் என்ற பேதமே தெரியாது. தீர்ப்பு எழுதிய தலைமுறை சொன்னதைக் கேட்காமல், அவர்கள் படத்தை மட்டும் பார்த்தார்கள், சிரித்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா வீடுகளிலும் அந்தச் சிரிப்பு கேட்டது.

சுருளே இல்லாவிட்டால் விவாதம் ஏது?

இங்கு ஒன்றை மறந்துவிடக் கூடாது. பி. ரம்லியின் படங்களுக்கு மறு விசாரணை கிடைத்ததற்குக் காரணம், சுருள்கள் பிழைத்திருந்தன. எல்லாப் படங்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ பேய்ப்படம், மரியா மெனாடோவை நாடறிந்த நட்சத்திரமாக்கிய பெருவெற்றிப் படம். இன்று அந்தப் படத்தைப் பார்க்க வழியில்லை, பிரதி கிடைக்கவில்லை. அது நல்ல படமா, வெறும் பரபரப்பா என்று எந்த மேடையிலும் இனி வாதிட முடியாது. பேய்ப்படம்தானே, பழைய படம்தானே என்ற அலட்சியம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிழைத்த படங்களின் கதை வேறு. கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப் படத் தொகுப்பு, 2014இல் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. வெளிவந்த காலத்தில் அந்தத் தொகுப்பின் எல்லாப் படங்களும் பாராட்டுப் பெற்றவை அல்ல. சுமாரான படங்களும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்து உடை, தெரு, பேச்சு, வீடு, கடை எல்லாம் அந்தச் சுமாரான படங்களிலும் பதிவாகியிருக்கின்றன. நாளைய ஆய்வாளருக்கு அவையும் ஆவணங்களே.

தீர்ப்புக்கு முன் மூன்று கேள்விகள்

அப்படியானால் மோசமான படத்தை மோசம் என்று சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். காசு கொடுத்துப் பார்த்தவருக்கு அந்த உரிமை உண்டு. விமர்சனம் இல்லாத கலை வளராது. பி. ரம்லியே ஸ்டூடியோ உலகை விமர்சித்துப் படம் எடுத்தவர்தான். ஆனால், படத்தைப் பற்றிய தீர்ப்பு மனிதரைப் பற்றிய தீர்ப்பாக மாறும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலாவது, அந்தக் கலைஞருக்குக் கொடுக்கப்பட்ட கருவியும் கூட்டமும் என்ன? கறுப்பு வெள்ளைச் சுருளைக் கொடுத்துவிட்டு வண்ணப்படத்தோடு போட்டியிடச் சொன்னால் தோல்வி யாருடையது? இரண்டாவது, அவருடைய வாழ்வில் அப்போது நடந்துகொண்டிருந்தது என்ன? நோயோ வறுமையோ திரையில் தெரியாது, ஆனால் நடிப்பில் தெரியும். லுகோசியும் வில்லிசும் அதற்குச் சாட்சி. மூன்றாவது, இதே தீர்ப்பு இருபது ஆண்டு கழித்தும் நிற்குமா? நிற்காது என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், கேலியின் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம்.

நடிகர்களின் வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் உண்டு என்று விவாத மேடைகளில் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ரசிகர்களின் தீர்ப்புகளுக்கும் அதே ஏற்ற இறக்கம் உண்டு என்பதைத்தான் யாரும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. நடிகரின் தவறு சுருளில் பதிந்து காலமெல்லாம் நிற்கிறது. ரசிகரின் தவறு பதிவாவதில்லை, அதனால் மறந்துபோகிறது.

ஜாலான் பி. ரம்லி வழியாக இன்று ஆயிரக்கணக்கான வாகனங்கள் போகின்றன. சாலைக்குப் பெயர் வைக்க 1982 வரை பொறுத்திருக்க முடிந்தது. ஒரு வண்ணப்படம் எடுக்க 1973க்கு முன் யாராவது பணம் கொடுத்திருந்தால் அந்தக் கலைஞர் அதைக் கண்ணால் பார்த்திருப்பார். இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குறைந்த முதலீட்டில், கடன் வாங்கி, தமிழிலும் மலாயிலும் படமெடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முதல் படத்தில் குறைகள் இருக்கும். அந்தக் குறைகளை அவர்களிடமே சொல்லலாம், அடுத்த படத்துக்கும் டிக்கெட் வாங்கலாம். மரியாதை செய்ய நினைப்பவர்கள், கலைஞர் உயிரோடு இருக்கும்போதே செய்வது முறை.